கம்ப்யூட்டருக்குள்ள போன பிராந்திக்கடை

எங்க சங்குமேட்டுத் தெரு பிராந்திக்கடை கம்ப்யூட்டருக்குள்ள போனது ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம். கடை மட்டும் போகல. கடைக்குப் பின்னால தகரம் போட்ட பாரும், பாருல கெடந்த பிளாஸ்டிக் நாற்காலியும், நாற்காலியில விடியக்காலமே வந்து விழுந்து கெடந்த எங்க தெரு ஆம்பளைங்க ஏழெட்டுப் பேரும், அவனவன் கையில புடிச்சிருந்த டம்ளரும், டம்ளருக்குள்ள நீச்சலடிச்ச ஈயும் வரைக்கும் மொத்தமாப் போயிருச்சு. கடை இருந்த எடம் சவரம் பண்ணுன தாடை மாதிரி வழுவழுன்னு கெடந்துச்சு. ஒரு பாட்டில் மூடி கூட மிஞ்சல.

தப்பு எங்க மேலதான். கடையை மாத்தச் சொல்லி போராட்டம் பண்ணுனது நாங்கதான. உப்பளத்துல வேலை முடிஞ்ச கையோட, கால்ல உப்பு பூத்து, தலையில சும்மாடு கூட எறக்காம, நேரா வந்து கடை வாசல்ல உக்காந்துட்டோம். எங்களுக்கெல்லாம் முன்ன உக்காந்தது சுயம்புக்கனி அக்கா. அந்த அக்கா உக்காந்தா மலை உக்காந்த மாதிரி. நாலு பேரு தூக்குனாலும் அஞ்சாவது ஆளுக்குத்தான் இடுப்புப் புடிக்கும். ஒரு அதிகாரி வந்தாரு. பாவம், வேர்த்து ஊத்துது மனுசனுக்கு. கர்சீப்பை எடுத்துக் கழுத்தைச் சுத்தி ஒரு தடவை, காதைச் சுத்தி ஒரு தடவை தொடச்சுக்கிட்டே, "ஏம்மா... மாத்திருதோம்னா மாத்திருதோம்மா... நாளைக்கு இந்தக் கடை இந்த எடத்துல இருந்தா என் பேரை மாத்துங்கம்மா"ன்னாரு. நாங்க கைதட்டிட்டு எந்திரிச்சு வந்துட்டோம். எங்க மாத்துவீகன்னு ஒருத்தி கேக்கலையே! கத்திரிக்கா வாங்கப் போனா காம்பைத் திருப்பித் திருப்பிப் பாத்து, கடைக்காரன் குலம் கோத்திரம் வரைக்கும் விசாரிக்கிற பொம்பளைங்க நாங்க, கடையைக் கொண்டுபோயி எங்க வைப்பீகன்னு ஒரு வார்த்தை கேக்காம எந்திரிச்சோம். அந்தாளு சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு. அவரு பேரு இன்னும் மாறல.

மொதல்ல பாத்தது ஜெபசிங். தெரு முக்குல கேம் கடை வச்சிருக்கான். ஒரு ரூம்பு, ஒரு பச்சைத் திரை, நாலஞ்சு கம்ப்யூட்டரு, எப்பமும் மூக்கொழுகுற ஏசி ஒண்ணு. கல்யாண வயசைத் தாண்டியும் ராத்திரி பகலா கேம் ஆடுற ஆளு. அவன் ஆடுற கேம்ல ஒரு பெரிய காட்டு ராச்சியம், கத்தி, கேடயம், கொம்பு வச்ச பூதம், அதுக்கு நடுவுல சாபம் புடிச்ச ஒரு சத்திரம். சத்திரத்துக்குப் பின்னால சாராயம் காய்ச்சுற கொட்டாரம். உள்ள போயி குடிச்சவன் வெளிய வரமாட்டான், அதான் சாபம். அன்னைக்கு ஜெபசிங் கத்தியை உருவிக்கிட்டு சத்திரத்துக் கதவைத் தள்ளுதான், உள்ள அடுப்புக்குப் பக்கத்துல எங்க தெரு பரமதாசு, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு உக்காந்து, பூதத்துட்ட "அண்ணாச்சி, தொட்டுக்க ஒண்ணும் இல்லையா"ன்னு கேட்டுக்கிட்டு இருக்கான்.

ஜெபசிங் ஒரு கால்ல ரப்பர் செருப்பும் இன்னொரு கால்ல தோல் செருப்புமா ஓடி வந்தான்.

"எக்கா, சுயம்பக்கா! ஒங்க வீட்டுக்காரரு..."

"என்ன, செத்துட்டானா?"

"இல்லக்கா. சத்திரத்துல இருக்காரு."

"எந்தச் சத்திரம்டே? திருச்செந்தூர்லயா?"

"கேம்லக்கா."

"தண்ணி கிண்ணி குடிச்சியா?"

"நான் குடிக்கலக்கா. அவுகதான் குடிக்காவ."

தெருவே திரண்டு போச்சு. பச்சைத் திரையை வெலக்கிட்டுப் பாத்தா, ஆமா, எல்லாரும் இருக்காவ. பரமதாசு பொண்டாட்டி ராஜாக்கிளி கண்ணைச் சுருக்கிப் பாத்துட்டு, "பாத்தியளா, அங்க போயும் எனக்கு முதுகைத்தான் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு"ன்னா. வெளிநாட்டுக்குப் போன ஆளுங்களைப் போன்ல பாக்கோம், செத்துப்போன ஆளுங்களைப் போட்டாவுல பாக்கோம், குடிகாரங்களைக் கேம்ல பாக்கோம். பெஞ்சை இழுத்துப் போட்டு உக்காந்துட்டோம்.

சுயம்பக்கா வீட்டுக்காரரு பேரு லிங்கதுரை. கடைசி மேசையில சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தாரு. நல்ல மனுசன்தான், குடிக்குறதுக்கு முன்னால. உப்புத் தண்ணியில நின்னு நின்னு அந்த அக்காவுக்குக் கால் பாளம் பாளமா வெடிச்சிருக்கும். சாயங்காலம் ஆனா லிங்கதுரை மெழுகுவர்த்தியை உருக்கித் தேங்காண்ணெயில கலந்து, வாசல்லயே அந்தக் காலைத் தூக்கி மடியில வச்சு வெடிப்பு வெடிப்பாத் தடவி விடுவாரு. தெரு சிரிக்கும். அந்த மனுசன், "சிரிங்க சிரிங்க, ஒங்க மாப்பிள்ளைமாருக்குக் கை இல்லன்னு சிரிக்கியளா"ம்பாரு. பொறவு அந்தக் கை டம்ளருக்குப் போயிருச்சு. பிள்ளைகுட்டி கெடையாது. ரெண்டு பேரு, ஒரு வீடு, அந்த வீட்லயும் ஒருத்தரு பாருக்குப் போயிட்டா மிச்சம் என்ன இருக்கு, சுவருதான்.

சத்திரக்காரன் இருக்கானே, அவனைச் சொல்லணும். பீப்பாய்க்குக் கால் மொளைச்ச மாதிரி இருப்பான், தலையில ரெண்டு கொம்பு, ஒரு கொம்புல பாட்டில் தெறக்குற சாமான் தொங்கும். அவனுக்குக் கேம்ல ஏதோ இங்கிலீசுப் பேரு. நாங்க பீப்பாயண்ணாச்சின்னு வச்சோம். நம்ம ஆளுங்க உள்ள போனதுலேருந்து அவனும் தமிழ் படிச்சுக்கிட்டான். யாருகிட்ட படிச்சான்? குடிகாரங்ககிட்ட. அதனால எந்நேரமும் அந்தப் பாசையிலதான் பேசுவான். "தங்கச்சீ... நான் ஒண்ணு சொல்லுவேன்... தப்பா நெனைக்கக்கூடாது... நான் இருக்கேன் ஒனக்கு... யாரு இருக்கா? நான் இருக்கேன்..." ஆளு அரக்கன், பேச்சு அந்தியில வீட்டுக்கு வழி தெரியாம நிக்கிற சித்தப்பன் பேச்சு.

நாள் போகப் போக எல்லாம் பழகிருச்சு. உப்பளத்துலேருந்து வந்து, குளிச்சு, சோத்தைத் தூக்குச்சட்டியில போட்டு ஜெபசிங் கடைக்குப் போறதுதான் எங்க மத்தியானம்னு ஆச்சு. செத்தவங்களுக்குப் படையல் போடுறது போல கம்ப்யூட்டருக்கு முன்னால எலையை விரிச்சு வச்சோம்னா, அங்கிட்டு மேசையில சோறு வந்துரும், இங்கிட்டு எலை காலியாயிரும். வெறும் வயித்துல குடிச்சா குடல் வெந்துபோகும்லா. வைவோம், சாபம் குடுப்போம், ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்போம், ஆனா சோத்தை வச்சிருவோம். பரமதாசு உள்ளருந்து, "ஏட்டி, கொழம்புல புளி தூக்கலா இருக்கு"ம்பான். ராஜாக்கிளி கம்ப்யூட்டரைச் செருப்பால அடிக்கப் போவா. "எக்கா, எக்கா, தவணைக்கு வாங்குனது!"ன்னு ஜெபசிங் குறுக்க விழுவான். விபூதி பூசுறவங்க ஓரத்துல பூசுங்கன்னு எழுதி ஒட்டிட்டான். தெருவுல மிச்சம் இருந்த ஆம்பளைங்க வேற திரைக்கு வெளிய நின்னுக்கிட்டு, "ஏடே ஜெபசிங், எங்களையும் அப்படியே ஏத்தி விடேன், உள்ள நெழலா இருக்கும் போலயே"ன்னு கெஞ்சுதானுவ. கவுன்சிலர் வந்து கம்ப்யூட்டரைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "எனதருமைச் சத்திரத்து வாழ் சகோதரர்களே, நீங்கள் எங்கிருந்தாலும் இந்த வார்டின் வாக்காளர்களே"ன்னு பேசுனாரு. உள்ள இருந்தவங்க மேசையைத் தட்டுனாங்க. கவுன்சிலருக்கு அவ்வளவு கைதட்டு வெளிய கெடைச்சதே கெடையாது, ஆனந்தக் கண்ணீரு விட்டாரு.

இப்படியே போயிருந்தா இன்னைக்கும் சோறு சொமந்துக்கிட்டுத்தான் இருந்திருப்போம். லாரி ஓட்டுற சிவனணைஞ்சான்தான் முதல்ல ஆட்டம் காட்டுனான். அவன் தாயி வந்து நின்னுக்கிட்டு, "ஏ அய்யா, சாப்புடுய்யா"ங்கா. அவன் திரும்பிப் பாக்கான். "யாரு பாட்டி நீங்க?" "ஒன் ஆத்தாடா." "எங்க ஆத்தாவா? எங்க ஆத்தா பேரு..."ன்னு தலையைச் சொறிஞ்சான். நெத்தியைத் தட்டுனான். சிரிச்சான். சிரிச்ச வாய் அப்படியே நின்னுபோச்சு. வயிறு உருண்டுக்கிட்டே வந்து, கை காலு உள்ள போயி, அரைஞாண்கயிறு இருந்த எடத்துல இரும்புப்பட்டை ஏறி, எங்க கண்ணு முன்னால பீப்பாயா ஆயிட்டான். பீப்பாயண்ணாச்சி வந்து தட்டிப் பாத்து, "ஊறிருச்சு"ன்னு சொல்லி, உருட்டிக்கிட்டுப் பின்னால போயிட்டான்.

அன்னைக்குத்தான் புரிஞ்சுது. குடிக்கக் குடிக்க ஒண்ணொண்ணா மறந்துபோகும், கடைசியா நெஞ்சுல ஒட்டிக்கிட்டு இருக்குற ஆளு மறந்துபோச்சுன்னா பீப்பாய். சுயம்பக்கா அந்த நிமிசமே தூக்குச்சட்டியைக் கீழ வச்சுட்டா.

"ஜெபசிங்கு, எனக்கு இந்த வெளையாட்டைச் சொல்லிக் குடு."

"நான் போறேன்க்கா, நான் எத்தனை அரக்கனை வெட்டியிருக்கேன்"ன்னு அவன் மீசையை முறுக்கிட்டுப் போனான். கத்தியை ஓங்குனான். பீப்பாயண்ணாச்சி அந்தக் கத்தியை வாங்கி எலுமிச்சம்பழம் அறுத்துட்டு, "மச்சான், கோவப்படாத மச்சான், உக்காரு, ஒரு கட்டிங் போடு"ன்னு தோளைப் புடிச்சு அமுக்குனான். ஜெபசிங் பிளக்கைப் புடுங்கித்தான் தப்பிச்சான்.

அதுக்குப் பொறவு அக்கா உக்காந்தா. உப்பு தின்ன வெரலு, அந்தக் கட்டையில எழுதியிருக்கிற இங்கிலீசு எழுத்தெல்லாம் அவளுக்கு என்ன தெரியும். ஜெபசிங் ஒரு பொட்டு அட்டை வாங்கியாந்து, முன்னால போக சிவப்புப் பொட்டு, பின்னால வர பச்சைப் பொட்டு, அங்கிட்டு இங்கிட்டுத் திரும்ப கறுப்புப் பொட்டுன்னு கட்டைமேல ஒட்டிக் குடுத்தான். கேம்ல அக்காவுக்குக் கெடைச்ச உருவம் ஒரு ராணி. ராணி மேல துணி இருந்துச்சா இல்லையான்னு கேட்டா, ரெண்டு எடத்துல இரும்பு இருந்துச்சு. "எக்கா, ஒரு துண்டையாவது போத்திக்கச் சொல்லேன்"ன்னு நான் சொன்னேன். "அவ பாட்டுக்கு நடக்கட்டும்ளா, வெயில் காலந்தான"ன்னு அக்கா சிவப்புப் பொட்டை அமுக்குனா.

நடந்தா. சத்திரத்துக் கூடத்தைத் தாண்டி, லிங்கதுரை முதுகுக்குப் பின்னாலயே நடந்து, அடுக்களைக்குள்ள எட்டிப் பாத்து, அடுப்பு எரியுது, ஆனா கறிவேப்பிலை வாசம் கூட இல்லாத அடுப்பு, அதையும் தாண்டி, கல்லுப்படி எறங்கி, கீழ, கொட்டாரத்துக்குள்ள போனா. யம்மா! எங்க அளத்துல பாத்தி பாத்தியா உப்புத் தண்ணி நிக்கும்லா, அது மாதிரி வரிசை வரிசையா மொடாவு, மொடாவு நெறைய ஊறல், ஊறல் எல்லாம் களுக் களுக்குன்னு கொமிழ் விட்டு முணுமுணுத்துக்கிட்டு இருக்கு. நடுவுல வீடு ஒசரத்துக்கு ஒரு செம்பு அண்டா. அண்டாவுலேருந்து பாம்பு மாதிரி சுத்திச் சுத்திக் கொழாய். கொழாய் நுனியில சொட்டு. சுவரோரமா பீப்பாய்ங்க. ஒரு பீப்பாய்ல லாரிக்காரன் சிவனணைஞ்சானோட மீசை இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

ஒரு சொட்டு விழுந்துச்சு. கம்ப்யூட்டரு காத்தாடி வழியா வாசம் வந்துச்சு. பால் சொரக்குற தாயி வாசம், அது யாரு வீட்டுதோ. இன்னொரு சொட்டு விழுந்துச்சு, மெழுகும் தேங்காண்ணெயும் சேந்த வாசம். ரூம்பு பூரா மணந்துச்சு. நாங்க எல்லாரும் அக்கா காலைத்தான் பாத்தோம். அக்கா காலை இழுத்துச் சேலைக்குள்ள மூடிக்கிட்டா. அந்த மனுசன் தடவிவிட்ட சாயங்காலம் எல்லாம் அங்க அண்டாவுல கொதிச்சு, சொட்டுச் சொட்டா எறங்கி, எவன் டம்ளருக்கோ போய்க்கிட்டு இருக்கு.

அக்கா அழல. "எத்தனை மொடா இருக்குன்னு பாத்துக்கிட்டியளா"ன்னு மட்டும் கேட்டா.

மறுநா வழக்கம்போல சோறு வைக்கோம். அன்னைக்கு நெத்திலிக் கருவாடு வறுத்தது. சத்திரக்காரன் பக்கத்துல வந்து நின்னு மூக்கை மூக்கை உறிஞ்சுதான். சுயம்பக்கா வாய் இருக்கே, எங்க பொம்பளைங்க எல்லாருக்கும் இருக்குற வாய்தான், எமன் பாசக்கயித்தோட வந்து நின்னாலும் வரவேற்குற வாய், தன்னால சொல்லிருச்சு: "என்னய்யா, சாப்புடுதீரா?"

"எக்கா!"ன்னு நாங்க கத்துனோம். "அவனுக்குப் போயி சோறா? பாம்புக்குப் பந்தியா?"

"வாயில வந்துருச்சுளா"ன்னா அக்கா. சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க முடியுமா. ஒரு எலை போட்டோம்.

பீப்பாயண்ணாச்சி ஒரு வாய் எடுத்து வச்சான். கொம்பு ரெண்டும் நட்டுக்க நின்னுச்சு. அந்த ராச்சியத்துல தங்கம் உண்டு, வைரம் உண்டு, செத்தவனை எழுப்புற மருந்து உண்டு, உப்பு மட்டும் கெடையாதாம். அந்தக் கேம்மைச் செஞ்ச புண்ணியவாளன் மறந்துட்டான். அத்தனை காலமா இருந்தவன் அன்னைக்குத்தான் உப்பைக் கண்டான். எலையை நக்குனான், வெரலை நக்குனான், வெரலு முடிஞ்சதும் முழங்கை வரைக்கும் நக்குனான். "தங்கச்சீ... என்ன தங்கச்சி இது... என் வாயி எனக்கே வாயாட்டம் இருக்கு தங்கச்சி..."

அப்படியே அந்தக் கையோட கீழ கொட்டாரத்துக்குப் போயி ஊறல் பதம் பாக்க ஒரு மொடாவுக்குள்ள கையை விட்டான். மொடாவு ஒரு பெருமூச்சு விட்டுச்சு. கொமிழ் நின்னுபோச்சு. முணுமுணுப்பு நின்னுபோச்சு. செத்துப்போச்சு ஊறல். பீப்பாயண்ணாச்சி அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துட்டு, வெள்ளைத்துணியைப் போட்டு அந்த மொடாவை மட்டும் மூடுனான். நாங்க பாத்தோம். ராணியை அவன் பின்னாலயே எறக்கியிருந்த அக்காவும் பாத்தா. ஒண்ணுமே பாக்காத மாதிரி பச்சைப் பொட்டை அமுக்கிப் பின்னாலயே நடந்து வந்துட்டா.

"நாளைக்கு அளத்துல வாருற உப்பு கரைக்குப் போகாது, இங்க வரும்"ன்னா. அவ்வளவுதான்.

மறுநா நாங்க வந்தோம் பாருங்க. உப்பளத்துலேருந்து தெரு முக்கு வரைக்கும் ஒத்தை வரிசை, தலைக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு மேல வெயிலு, பக்கத்து அளத்துப் பொம்பளைங்க கேள்விப்பட்டுச் சேந்துக்கிட்டாங்க, மீன் விக்கப் போனவ கூடையைத் தட்டிட்டு உப்பை ஏத்திக்கிட்டா, ரோட்டுல பஸ்ஸு நிக்குது, லாரி நிக்குது, ஒரு போலீஸ்காரரு வந்து, "என்னம்மா ஊர்வலம், யாருட்ட கேட்டீங்க"ன்னாரு. "படையலுய்யா, ஒதுங்கும்"னு சொல்லிட்டு நடந்தோம். ஒதுங்கிட்டாரு. ஜெபசிங் மட்டும் வாசல்ல கையை விரிச்சுக்கிட்டு நின்னான்: "எக்கா, ஏசிக்குள்ள உப்பு போனா வீணாப் போயிரும்க்கா!"

"ஏல, ஒன் ஏசிக்கு ஏற்கெனவே சளி. தள்ளு."

அக்கா பொட்டுக்கட்டைக்கு முன்னால உக்காந்தா. சத்திரக் கதவு தெறந்துச்சு. பீப்பாயண்ணாச்சி வாசல்லயே நிக்கான், எலை எங்கன்னு கையைத் தேய்ச்சுக்கிட்டு. எங்களைப் பாத்தான், பெட்டியைப் பாத்தான், புரிஞ்சுக்கிட்டான். அரக்கன்னாலும் வியாபாரிலா.

"தங்கச்சி. பொறு தங்கச்சி. ஒன் உப்பைத் தின்னவன் நான். நன்றி கெட்டவன் இல்ல. யாரு? நான் இல்ல. ஒன் ஆளைக் கூட்டிட்டுப் போ. இப்பமே கூட்டிட்டுப் போ. மத்த எதையும் தொடாத."



"என் ஆளை மட்டுமா?"

"நீதான சோறு வச்ச?"

"நான் வச்ச சோத்துல அரிசி ராஜாக்கிளி வீட்டு அரிசிய்யா. கருவாடு இந்தா நிக்காளே இவ வீட்டுக் கருவாடு. உப்பு இத்தனை பேரும் கால் வெடிக்க நின்னு வாருன உப்பு. ஒன் நன்றியில எனக்கு மட்டும் என்ன தனிப் பந்தி?"

ராஜாக்கிளி கண்ணைத் தொடச்சுக்கிட்டே, "எக்கா, கூட்டிட்டுப் போயிருக்கா, நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்"ன்னா. அவ மூஞ்சியைப் பாத்தா ஆயுசுக்கும் நெனைப்பான்னு நல்லாத் தெரிஞ்சுது.

அந்நேரம் கடைசி மேசையிலேருந்து லிங்கதுரை திரும்புனாரு. எத்தனை நாளா சுவத்தைப் பாத்த மூஞ்சி. அக்கா கேட்டா, "இங்க பாருங்க. நான் யாரு?"

அவரு எந்திரிக்கப் பாத்தாரு, முக்காலியோட ஒட்டிப்போயி முடியல, உக்காந்தபடியே மரியாதையாக் கும்பிட்டாரு. "தெரியலையே தாயி. நீங்க யாரு?"

இடுப்புல இரும்புப்பட்டை ஒண்ணு மொளைச்சுது.

"பாத்தியா தங்கச்சி"ங்கான் சத்திரக்காரன், "இன்னும் ஒரு மொடக்குத்தான். ஊறலைக் கொன்னேன்னு வையி, அண்டாவுல இருக்குற ஒன் நெனப்பு பூரா அதோட செத்துரும். ஒன்னை இனி அவனுக்குத் தெரியவே தெரியாது. யோசி. இப்பம் கூட்டிட்டுப் போனேன்னா அந்த அண்டாவுலேருந்து ஒரு செம்பு மோந்து தாரேன், குடிச்சான்னா மறுபடியும் நீ பொண்டாட்டி, அவன் புருசன்."

"அப்ப ஒவ்வொரு நாளும் என்னைத் தெரியணும்னா ஒன் செம்பைக் குடிக்கணும்."

"கொஞ்சமாத்தான் தங்கச்சி."

அக்கா சிரிச்சா பாருங்க. கதை சொல்லும்போது நான் எத்தனையோ பேரு மாதிரி சிரிச்சுக் காட்டியிருக்கேன், அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு இன்னும் வரல.

"ஒன் பாட்டில்ல இருக்குற சுயம்புக்கனி எனக்கு எதுக்குய்யா? நான் இங்க முழுசா இருக்கேன்"ன்னு சொல்லி, சிவப்புப் பொட்டை ஒரே அமுக்கா அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, "கொட்டுங்களா!"ன்னா.

கொட்டுனோம். மொதப் பெட்டியைக் கம்ப்யூட்டருக்கு முன்னால கொட்டுனது நான்தான். மணல்ல ஊத்துன தண்ணி மாதிரி உப்பு உள்ள எறங்கிருச்சு. அங்கிட்டு கொட்டாரத்துக் கூரையிலேருந்து மழையா விழுந்துச்சு. அடுத்தவ கொட்டுனா, அடுத்தவ கொட்டுனா, கொட்டிட்டுத் திரும்பிப் போயி அள்ளிக்கிட்டு வந்து மறுபடியும் கொட்டுனா, இந்தா என் புருசன் ஒடச்ச பானைக்கு, இந்தா என் தாலியை அடகு வச்சதுக்கு, இந்தா என் மவன் படிப்பு நின்னதுக்கு, இந்தா ஒண்ணுத்துக்கும் இல்ல சும்மா கொட்டணும்னு தோணுச்சு அதுக்கு, மொடாவு மொடாவா பெருமூச்சு விட்டு ஊறல் அடங்குச்சு, அண்டா வெள்ளை பூத்து வெடிச்சுது, கொழாய் நுனியில சொட்டு நின்னு உப்புக்கல்லாத் தொங்குச்சு. சத்திரக்காரன் ஒவ்வொரு மொடாவுக்கும் ஓடி ஓடி, மூடவும் முடியாம, வாயில விழுற உப்பை நக்காம இருக்கவும் முடியாம, "ஐயோ என் தொழிலு... ஐயோ என்ன ருசி... ஐயோ என் தொழிலு..."ன்னு அழுதுக்கிட்டே நக்குதான்.

மேல கூடத்துல, டம்ளர்ல இருந்தது பூரா உப்புத் தண்ணியாப் போச்சு. அது தெரியாம எங்க ஆம்பளைங்க ஒரே மூச்சுல ஏத்துனாங்க. எங்க ஊர்ல அரளி தின்னவனுக்கு என்ன குடுப்போம்? கரைச்ச உப்புத் தண்ணியத்தான் குடுப்போம். குடலைத் திருப்பிக் கழுவி எடுத்துரும். வாந்தின்னா வாந்தி, அப்படி ஒரு வாந்தியை அந்த ராச்சியம் கண்டதில்ல. எடுத்து முடிச்சதும் முக்காலியில ஒட்டுன பின்பக்கம் விட்டுப்போச்சு, எந்திரிச்சுட்டானுவ. கீழ பீப்பாய்ங்க மேல உப்பு ஏறி, பலகை காஞ்சு, பட்டை கழண்டு, லாரிக்காரன் மொதலா எல்லாரும் பொத்துப் பொத்துன்னு விழுந்தாங்க. பச்சைத் திரைக்குப் பின்னாலேருந்து ஒவ்வொருத்தனா வந்தான், ஈரச் சாரத்தோட, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கிட்டு. சிவனணைஞ்சான் நெனப்பு அண்டாவுக்கு ஏறாம பீப்பாய்க்குள்ளயே அடைஞ்சு கெடந்துருக்கு, வந்த வேகத்துல "ஆத்தா"ன்னு கத்தி, நாலு பேரைத் தள்ளிவிட்டுட்டுப் போயி கெழவி மடியில விழுந்தான். பரமதாசு வந்தான். "ராஜாக்கிளி, கொழம்பு வச்சியா?"ன்னு கேட்டான். அவ வெளக்குமாத்தை எடுத்தா. அந்தக் கதை தனிக் கதை, அதை அவ அவன் முதுகுல எழுதிட்டா.

கடைசியா லிங்கதுரை வந்தாரு. பட்டை இல்ல, ஆளு தெளிவா இருந்தாரு. என்னைப் பாத்துப் பேரு சொன்னாரு, தெருவைப் பாத்தாரு, ஜெபசிங்கை நலம் விசாரிச்சாரு, தன் வீட்டுக்கு நேரா நடந்து போனாரு. எங்களுக்கெல்லாம் உசுரு வந்துச்சு. வாசப்படியில கால் வைக்கப் போனவரு, உள்ள நிக்கிற சுயம்பக்காவைப் பாத்துட்டுப் படக்குன்னு பின்வாங்கி, செருமிக்கிட்டு, "மன்னிக்கணும். வீட்ல பொம்பளையாளு இருக்குறது தெரியாது"ன்னு கும்பிட்டுட்டுத் திரும்பிட்டாரு. எல்லாம் திரும்பி வந்துருச்சு, அக்கா மட்டும் வரல.

"நான் போயி சொல்லுதேன்"ன்னு ராஜாக்கிளி கெளம்புனா. "கல்யாணப் போட்டாவைக் காட்டுவோம்"னேன் நான்.

"ஒருத்தி வாயைத் தொறந்தீய, நாளையிலேருந்து எங்கூட அளத்துக்கு வராதீய"ன்னா அக்கா. "போட்டாவைக் காட்டி எவளும் என்னை அந்தாளு தலையில கட்ட வேண்டாம்." உள்ள போயி அவரு துணிமணியை ஒரு பையில போட்டு, ஜெபசிங் கடையில படுத்துக்கச் சொல்லிக் குடுத்துவிட்டா. அளத்துல வேலையும் சொல்லிவிட்டா, அவ நிக்கிற பாத்திக்கு நாலு பாத்தி தள்ளி.

பிராந்திக்கடை திரும்பி வரல. அந்த அதிகாரி ஒருக்க வந்து, பழைய எடத்துலயே வச்சுக்கலாமான்னு கர்சீப்போட நின்னாரு. நாங்க உப்புப் பெட்டியை மட்டும் எறக்கி வச்சோம். போயிட்டாரு. சத்திரத்துல இப்பம் கஞ்சியும் ஊறுகாயும்தான் கெடைக்குதாம், எந்தெந்த நாட்டுலயோ இருந்து கத்தியோட வர்ற வீரனுங்க எல்லாம் உக்காந்து குடிச்சுட்டுப் போறானுவளாம். ஜெபசிங் சொல்லுதான்.

இந்த மாசி மாசம் அதே ஜெபசிங் வந்தான், வெத்தலைத் தட்டு மாதிரி கையை முன்னால வச்சுக்கிட்டு, வாய் கோணிக்கிட்டு. அளத்துல நாங்க எல்லாரும் சோத்துக்கு உக்காந்திருக்கோம். லிங்கதுரை தூரத்துல முதுகைக் காட்டிக்கிட்டு, வாருன உப்பையே மறுபடியும் மறுபடியும் வாரிக்கிட்டு நிக்காரு. காது ரெண்டும் செவந்துபோயிருக்கு.

"எக்கா, தப்பா நெனைக்காத. அவருதான் கேக்கச் சொன்னாரு. அந்தக் கடைசிப் பாத்தியில நிக்கிற அம்மாவுக்கு... மாப்பிள்ளை ஏதும் பாக்காங்களா, பாத்தா தான் வரலாமான்னு."

ராஜாக்கிளி என் தொடையைப் புடிச்சுக் கிள்ளுனா, ரத்தம் கட்டிருச்சு. அக்கா நிதானமாக் கையைக் கழுவுனா, சேலையில தொடச்சா, தூரத்துல நிக்கிற அந்த முதுகை ஒரு நேரம் பாத்தா.

"வரட்டுமே. ஆனா உடனே ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு சொல்லு. மாப்பிள்ளை எப்படி, குடிப்பாரா என்னன்னு தெருவுல நாலு பொம்பளைங்கள்ட்ட விசாரிக்கணும்லா."

நாலு பொம்பளைங்க நாங்கதான். ரொம்பக் கண்டிப்பா விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்.